அளவுக்கு நின்றவர்

விடியலின் வெளிச்சம் சன்னல் கண்ணாடியைத் தொடுமுன்பே கொதிகலன் மூச்சுவிடத் தொடங்கிவிடும். அதன் வயிற்றில் புரளும் நீர் ஆவியாகிக் குழாய்களில் ஏறி, தையல் கூடத்தின் கூரை நெடுகிலும் ஓடி, கடைசி மூலையில் இருக்கும் இஸ்திரி மேஜைகளில் சீறிக்கொண்டு வெளிப்படும். அந்த மேஜைகளின் முன்னால் நிற்பவர்கள் காலைக் குளிரை அறியமாட்டார்கள். முகத்தில் ஆவியும் முதுகில் வியர்வையுமாக, ஈரத்துணியின் வாடையைச் சுவாசித்தபடி, ஒரு சட்டையை விரிப்பார்கள், காலரை நீவுவார்கள், பெட்டியை அழுத்துவார்கள், மடித்து வைத்துவிட்டு அடுத்ததை விரிப்பார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, பஞ்சுத்தூசி படிந்த விளக்குகளின் கீழே, பெண்கள் வரிசை வரிசையாகக் குனிந்திருப்பார்கள். இயந்திரங்களின் இரைச்சலில் ஒருவர் இருமினால் அடுத்தவருக்குக் கேட்காது.

அங்கே தைக்கப்பட்டவை கோல்ஃப் சட்டைகள். பரந்த புல்வெளியில் சிறு பந்தொன்றைக் கோலால் அடித்துக் குழிக்குள் தள்ளும் கனவான்கள் அணிபவை. கூடத்தில் எவரும் அந்த ஆட்டத்தைக் கண்டதில்லை.

“ஒரு பந்தைக் குழியில போடுறதுக்கு இத்தனை சட்டையா?” என்று கேட்பார் செக்கிங் அக்கா. தைத்து முடிந்த சட்டைகளில் பிழை பார்ப்பது அவர் வேலை. பிழை பார்த்துப் பார்த்து நாக்கும் கூர்மையாகியிருந்தது. “கையால எடுத்துப் போட்டா முடிஞ்சுபோச்சு. அவங்களுக்கும் வேர்க்காது, நமக்கும் இடுப்பு ஒடியாது.”

முதல் இஸ்திரி மேஜையில் நின்றவரை எல்லோரும் அளவுக்காரர் என்று அழைத்தார்கள். அவருடைய மனைவி, மூன்றாம் வரிசையில் சட்டைகளுக்குக் கை பொருத்துபவள். ஆகவே அவள் கைக்காரி.

அளவுக்காரருக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லவேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூரதேசத்து வியாபாரி ஒருவர் அனுப்பிய மாதிரிச் சட்டையை முதலாளி விளையாட்டாக அவருக்கு மாட்டிப் பார்த்தார். தோளும் மார்பும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தின. வியாபாரி கேட்ட நடு அளவு அந்த உடம்பே என்று ஆயிற்று. அதைவிடச் சிறியவையும் பெரியவையும் அதைக்கொண்டே கணக்கிடப்பட்டன. அளவுக்கு நிற்பதற்கென்று தனியாக ஒருவரை அமர்த்தினால் கூலி தரவேண்டும். பொம்மைக்குக் கூலி வேண்டாம். ஆனால் பொம்மை கையை ஓங்காது. எனவே புதிய சட்டை வெட்டுமுன் அளவுக்காரர் இஸ்திரியை வைத்துவிட்டு மேஜைமேல் ஏறுவார். துடைப்பக் கட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். இல்லாத பந்தை நோக்கி அவர் அதை ஓங்கி வீசுவார். தோள் இழுக்கிறதா, அக்குள் பிடிக்கிறதா என்று கட்டிங் மாஸ்டர் சுற்றிவந்து பார்ப்பார். எங்கே துணி தொங்குகிறதோ அங்கே குண்டூசி குத்துவார். குத்திய இடத்தைப் பார்த்து, துணியின்மேல் வைத்து வெட்டும் அளவு அட்டையைத் திருத்தி நறுக்குவார்.

“நாடா இழுபடும், அட்டை நைஞ்சுபோகும், உடம்பு பொய் சொல்லாது” என்பது கட்டிங் மாஸ்டரின் வாக்கு. அந்தக் கூடத்தில் அதை மறுத்தவர் இல்லை.

ஒரு நாள் முதலாளி எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசினார்.

“வியாபாரி என்ன கேக்குறான் தெரியுமா? சட்டை உடம்புல கச்சிதமா உட்காரணும், விலையும் நியாயமா இருக்கணும். அதுக்கு நாமதானே கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்? இந்த மாசத்துலேர்ந்து எல்லார் கூலியிலயும் கொஞ்சம் பிடிக்கிறேன்.”

“நியாயம் விலைக்கு மட்டும்தானா முதலாளி, கூலிக்கு இல்லையா?” என்றார் செக்கிங் அக்கா.

“நியாயத்தைப் பத்திப் பேசுறவங்களுக்கு வாசல் திறந்துதான் இருக்கு.”

எவரும் வாசலைப் பார்க்கவில்லை. அடுத்த பருவத்தில் மீண்டும் குறைத்தார். அதற்கடுத்த பருவத்திலும் குறைத்தார். ஒவ்வொரு முறையும் அதே நியாயம், அதே வாசல்.

அளவுக்காரரும் கைக்காரியும் தங்கள் பெண் குழந்தையோடு ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். குழந்தை வளரும் வயதினள். அவள் தட்டில் கைவைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. “நான் கூடத்துலயே சாப்பிட்டுட்டேன்” என்று கணவர் சொல்வார். “நான் அடுப்படியிலயே தின்னுட்டேன்” என்று மனைவி சொல்வாள். இருட்டிய பின் வீடு திரும்பி இருட்டோடு புறப்படுகிறவர்கள், கூடத்தில் கைவேலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாதவர்கள், ஒருவர் உடம்பை ஒருவர் எப்போது பார்ப்பது? பொய்கள் இரண்டும் ஒரே பாயில் அருகருகே படுத்துறங்கின.

கூடத்தில் மட்டும் பருவந்தோறும் அவர் மேஜைமேல் ஏறினார். சட்டை சற்றே தொங்கும். “தோள் எறங்குது” என்று முணுமுணுத்து மாஸ்டர் ஊசி குத்துவார். அட்டை சற்றே குறுகும். கூடமெல்லாம் அந்த அட்டைப்படி வெட்டும், தைக்கும், மடிக்கும்.

பிறகு ஒரு காலையில் லாரி வந்தது. ஏற்றிச்செல்ல வந்ததல்ல, இறக்கிப்போட வந்தது. கப்பலேறிப் போன கட்டுகளில் பாதி திரும்பி வந்து கூடத்தின் நடுவே மலையாகக் குவிந்தன.

முதலாளி ஒரு சட்டையை உருவி, கைக்காரியின் முகத்தில் எறிந்தார்.

“கையை ஓங்கினா அக்குள் கிழியுதாம். பட்டனைப் போட்டா மூச்சு முட்டுதாம். கை வச்சது யாரு? நீதானே?”

“அட்டையில இருக்கிற மாதிரிதான் வச்சேன் முதலாளி.”

“அப்ப துணி தானாச் சுருங்கிச்சா? சீக்கிரம் முடிச்சுட்டு ஊர்க்கதை பேசணும்னு, தையலுக்கு விட்ட ஓரத்தை எல்லாம் மெஷின் கத்திக்குத் தின்னக் கொடுத்துட்டீங்க. நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம். உன் வரிசை மொத்தமும் கூலியில்லாம இதையெல்லாம் பிரிச்சு, சின்ன அளவாத் தைக்கட்டும்.”

இஸ்திரி மேஜையில் கருகல் வாடை எழுந்தது. அளவுக்காரரின் கை பெட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. அதன் கீழே இருந்த சட்டையின் மார்பில் பழுப்பாய் ஒரு தடம் விழுந்தது.

ஆனால் அன்று முதலில் சீறியவர் கட்டிங் மாஸ்டர். அட்டையைப் பற்றிய பேச்சு அவர் மானத்தைச் சுட்டுவிட்டது.

“அட்டையில தப்பு இருந்தா என் கையை வெட்டிக்கிறேன். உடம்பை வச்சு வெட்டினேன், உடம்பு சாட்சி சொல்லட்டும். முதலாளி ரூம்ல கண்ணாடி அலமாரியில இருக்கே அந்த முதல் சட்டை, வியாபாரி முத்திரை குத்தி ஒத்துக்கிட்டது, அதை எடுத்துட்டு வாங்க. ஏறுப்பா மேஜைமேல!”

சட்டை வந்தது. அளவுக்காரர் ஏறி அதை மாட்டிக்கொண்டார்.

தோள் தையல் தோளில் நிற்கவில்லை. வழுக்கிப் புஜத்தில் வந்து விழுந்தது. காலருக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு கை நுழையலாம். வயிற்றுப் பக்கம் துணி மடிப்பு மடிப்பாய்த் தொங்கியது. கொடியில் காயப்போட்ட சட்டை காற்றில்லாத நேரத்தில் எப்படித் தொங்குமோ அப்படி.

மாஸ்டர் வழக்கம்போல் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு அருகில் போனார். ஒரு மடிப்பைக் கிள்ளினார். ஊசியை எடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் உமிழ்ந்தார்.

“அடப்பாவி” என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. “ஒவ்வொரு தடவையும் நான் பிடிச்சுக் கொறைச்சது இதைத்தானா?”

கைக்காரி மேஜையடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வெளிச்சத்தில் அவள் அவரைப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

“ஏங்க… கூடத்துல சாப்பிட்டேன், கூடத்துல சாப்பிட்டேன்னு சொன்னீங்களே.”

“நீயும்தான் அடுப்படியில தின்னேன்னு சொன்ன” என்றார் அவர்.

முதலாளிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“அட, அளவுகோலே தேஞ்சுபோச்சாடா! சரி, தேத்திடலாம். வியாபாரியோட ஆள் புது அளவு பார்க்க வர்றதுக்குள்ள இவனைத் தேத்துங்க.”

“அப்ப கைக்காரி மேல தப்பில்லன்னு ஆயிடுச்சே முதலாளி” என்றார் செக்கிங் அக்கா.

“தப்பில்லையா? புருஷன் உடம்பு எளைக்கிறது பொண்டாட்டிக்குத் தெரியாதா? அது என் சட்டையோட அளவு. வந்து சொல்லியிருக்கணும்ல? சொல்லாம மறைச்சாளே, அதுக்குத்தான் வேலை போகுது.”

இவ்வாறு, ஒரு குற்றத்திலிருந்து விடுபட்ட அரைநொடியில் அவள் இன்னொரு குற்றத்துக்கு ஆளாகி வாசலுக்கு வெளியே நின்றாள்.

மறுநாள் முதல் நண்பகலில் அளவுக்காரருக்குச் சோறு வந்தது. வெள்ளைச் சோறும் இறைச்சியும் அவித்த முட்டைகளும் ஒரு குவளைப் பாலும். அவர் மேஜைமேலேயே உட்கார்ந்து உண்ணவேண்டும் என்பது உத்தரவு. கீழே இறங்கினால் பிறர் கை நீளும். சூப்பர்வைசர் எதிரே நாற்காலி போட்டுக் காவலிருந்தார். மற்றவர்களுக்குக் குறைத்த கூலி குறைத்தபடியே இருந்தது. மூன்றாம் வரிசைப் பெண்கள் கூலியின்றித் தையல் பிரித்தபடி அந்த மணத்தை முகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் மெல்லும் ஓசை தமக்குக் கேட்டுவிடக் கூடாதென்று சிலர் வேண்டுமென்றே மிதியை அழுத்தி வெறும் இயந்திரத்தை ஓட்டினார்கள்.

பிரிக்கிற கையை நிறுத்தாமல் செக்கிங் அக்கா ஒரு கதை சொன்னார்.

“ஒரு வியாபாரி இருந்தானாம். எடைக்கல் வாங்கினா செலவாகுமேன்னு, தராசுல ஒரு பக்கம் ஆடு ஒண்ணை நிக்க வச்சு, மறுபக்கம் தானியத்தை நிறுத்து வித்தானாம். ஆட்டுக்குத் தழை போடுறதும் செலவுதானேன்னு அதையும் கொறைச்சானாம். ஆடு எளைக்க எளைக்க தானியமும் கொறைஞ்சுது. வாங்கினவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. உடனே என்ன பண்ணான்? தானியம் அள்ளிப் போட்ட வேலைக்காரியைத் தொரத்திட்டு, ஆட்டுக்கு மட்டும் கட்டுக்கட்டா தழை வாங்கிப் போட்டான்.”

“ஆட்டுக்கு யோகம்தான்!” என்றாள் ஒரு பெண்.

“யோகமா? கீழ எறங்க முடியாம காலைக் கட்டித்தானே போட்டான்.”

“அப்புறம் என்ன ஆச்சுக்கா?”

“எனக்கு என்ன தெரியும்? அதை ஆட்டைத்தான் கேக்கணும்.”

அளவுக்காரர் தலை நிமிரவில்லை. வாயிலிருந்த கவளம் மட்டும் வெகுநேரம் அங்கேயே இருந்தது.

அன்று மாலை அவர் ஒரு முட்டையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் எல்லோரையும் தடவிப் பார்ப்பது வாட்ச்மேனின் கடமை; துணித்துண்டு ஒன்றுகூட வெளியேறக்கூடாது. வாட்ச்மேனின் விரல் முட்டையில் பட்டது. அவர் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு “போ, போ” என்றார். ஆனால் பின்னாலேயே முதலாளியின் கார் வந்து நின்றிருந்தது.

“என்ன அது? எடு வெளியே.”

வாசலுக்கு வெளியே கைக்காரி நின்றிருந்தாள், குழந்தையைக் கையில் பிடித்தபடி. வேலையைத் திருப்பிக் கேட்பதற்காக நாள்தோறும் அங்கே நின்றாள்.

“இது உனக்குப் போட்ட சோறுன்னு நெனைச்சியா?” என்றார் முதலாளி, கண்ணாடியை இறக்கி. “என் சட்டைக்குப் போட்ட சோறு. வீட்டுக்குக் கடத்துறியா? இங்கேயே தின்னு. நான் பார்க்கணும்.”

“முதலாளி, குழந்தை நிக்குது.”

“நல்லதாப் போச்சு. அப்பன் சாப்பிடுறதைப் பார்க்கட்டும்.”

முட்டை அவர் கையில் நசுங்கியிருந்தது. சட்டையின் பஞ்சு அதில் ஒட்டியிருந்தது. அவர் அதை வாய்க்குக் கொண்டுபோனார். குழந்தை ஓரடி முன்னே வந்து, மிகவும் பொறுப்போடு சொன்னாள்:

“சாப்பிடுப்பா. எனக்குப் பசிக்கல.”

அவர் விழுங்கினார். கார் போயிற்று. அந்தத் தெருவில் வேலை முடிந்து வெளியேறியவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

மறுநாள் நண்பகலில் தட்டு வந்தது. அளவுக்காரர் அதைத் தொடவில்லை. சூப்பர்வைசர் அதட்டினார், பிறகு முதலாளியை அழைத்துவந்தார்.

“என்னடா, ருசி போதலையா?”

“ருசிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல முதலாளி. நேத்து முழுங்கினதே இன்னும் தொண்டையை விட்டு எறங்கல.”

“நீ தின்னலைன்னா இன்னொருத்தன் தின்பான். என் சட்டைக்கு உடம்பா கெடைக்காது?” அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “ஏய் மூட்டை தூக்குறவனே, நீ வா. நீதான் அகலமா இருக்கே.”

மூட்டைக்காரர் வந்தார். முதல் சட்டையை மாட்டினார்கள். எலும்பு அகலமாயிருந்தது, சட்டைக்குள் மிச்சமிருந்தது காற்றுதான். அடுத்து மெக்கானிக்கை அழைத்தார்கள். தொங்கியது. சாயக்காரரை அழைத்தார்கள். தொங்கியது. ஒருவர் கழற்ற இன்னொருவர் மாட்ட, அந்த ஒரே சட்டை கூடம் முழுவதையும் சுற்றி வந்தது. ஒவ்வொரு உடம்பிலும் அது தொங்கியபோது, பார்த்திருந்தவர்கள் தங்கள் சொந்தத் தோளைத் தாமே தடவிப் பார்த்துக்கொண்டார்கள். கூடம் நிறைய மனிதர்கள். நடு அளவுக்கு அவர்களில் ஒருவர்கூட இல்லை.

கடைசியில் முதலாளி சூப்பர்வைசரை ஏறச்சொன்னார். அவர் வயிற்றை உள்ளிழுத்துப் பொத்தானைப் போட்டார். மூச்சுவிட்டதும் பொத்தான் தெறித்து எங்கோ போய் விழுந்தது.

“சார்! எங்க கூலி கொறைஞ்சது எங்கே போச்சுன்னு இப்பத்தான் தெரியுது!” என்றது ஒரு குரல்.

கூடம் சிரித்தது. அந்தக் கூரையின் கீழ் அப்படியொரு சிரிப்பு கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

முதலாளியின் முகம் கறுத்தது. “சிரிக்கிறவங்க எல்லாரும் வெளிய போங்க. வேலைக்கு ஆளா இல்ல? நாளைக்கே வரிசையில வந்து நிப்பான்.”

“வருவாங்க முதலாளி” என்றார் செக்கிங் அக்கா. “அவங்களையும் மேஜைமேல ஏத்திப் பாருங்க. இதே கூலியில ஒரு பருவம் இருந்தா, அவங்களும் இதே சட்டையில தொங்குவாங்க. நீங்க தேடுற உடம்பு இந்தக் கூலியில வளராது.”

அப்போது அளவுக்காரர் மேஜையிலிருந்து இறங்கினார். இறங்குவதற்கு அவர் எவருடைய அனுமதியையும் கேட்கவில்லை. அது எல்லோர் கண்ணிலும் பட்டது.

“நான் மட்டும் பெருத்தா அது கள்ள அளவு முதலாளி. பிடிச்ச கூலியை எல்லாருக்கும் திருப்பிப் போடுங்க. என் வீட்டுக்காரியை வேலைக்குக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இந்த மேஜைமேல நான் ஏறமாட்டேன்.”

“நீ ஏறலைன்னா?”

“நாங்க யாரும் ஏறமாட்டோம்” என்றார் மூட்டைக்காரர்.

கட்டிங் மாஸ்டர் தம் பெரிய கத்தரிக்கோலை அளவு அட்டையின்மேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். மூன்றாம் வரிசையில் மிதியிலிருந்து ஒரு பாதம் எடுபட்டது, பிறகு இன்னொன்று. வரிசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் தைத்துக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டில் நோயாளி ஒருவர் படுக்கையில் கிடந்தார். அது எல்லோருக்கும் தெரியும். எவரும் அவளை ஏசவில்லை. கையிலிருந்த காலரை ஓரம் வரை தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அவளும் எழுந்து நின்றாள்.

“ஆடு தராசை விட்டு எறங்கிடுச்சு அக்கா” என்றாள், முன்பு கதை கேட்ட பெண்.

“பார்த்தேன்டி. இனிமே அவன் எதை வச்சு நிறுப்பான்னு பார்ப்போம்.”

முதலாளி மின்சாரத்தை நிறுத்தினார். விசிறிகள் சோர்ந்து நின்றன. இருள் கவிந்த கூடத்தில் வெப்பம் மெல்ல எழுந்தது. அவர் தொலைபேசியில் யாரையோ அழைத்துக் கத்திக்கொண்டே வெளியேறி, “வாட்ச்மேன்! கேட்டை இழுத்து மூடு. உள்ள இருக்கிறவன் உள்ளேயே கெடக்கட்டும்; வெளிய இருக்கிறவ எவளும் வரக்கூடாது!” என்றார்.

அவர் கார் தெருமுனையில் திரும்பி மறையும்வரை வாட்ச்மேன் காத்திருந்தார். பிறகு வெளியே நின்ற கைக்காரியைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவளும் குழந்தையும் நுழைந்தபின், சொன்னது சொன்னபடியே கதவை இழுத்து மூடினார். மூடிவிட்டு, அவரும் உட்பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

கைக்காரி மூன்றாம் வரிசையில் தன் இருக்கையில் போய் அமர்ந்தாள். இயந்திரம் ஓடவில்லை, இருந்தும் தன் இடத்தில் அமர்ந்தாள். மேஜைமேல் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பசித்த மனிதர்கள் அதைச் சுற்றியிருந்தும் ஒரு கையும் நீளவில்லை. செக்கிங் அக்கா தட்டை எடுத்துக் குழந்தையின் முன்னால் வைத்தார்.

“சாப்பிடு கண்ணு.”

குழந்தை தந்தையைப் பார்த்தாள். “இது சட்டைக்குப் போட்ட சோறாச்சே?”

“இல்லடா. இனிமே மனுஷங்களுக்கு” என்றார் அவர்.

அவள் ஒரு முட்டையை எடுத்தாள். தொடக்கத்தில் நாகரிகமாகத்தான் கடித்தாள். பிறகு பசி வென்றது. அவள் உண்பதைக் கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. கருகல் தடம் விழுந்த சட்டையைத் தலைக்கு வைத்து அளவுக்காரர் தரையில் சாய்ந்தார். நாளை என்ன நடக்கும் என்பதை அங்கே ஒருவரும் அறியார். காவலர் வரலாம், புதிய ஆட்கள் வரலாம், பசி நிச்சயமாக வரும்.

கொதிகலன் கடைசி மூச்சை விட்டு ஓய்ந்தது. அந்த அமைதியில்தான் முதன்முறையாகச் சுவருக்கு அப்பாலிருந்து அடுத்த தையல் கூடத்தின் இரைச்சல் அவர்களுக்குக் கேட்டது. இத்தனை காலமும் தங்கள் இரைச்சலே அதை மறைத்திருந்தது. யாரோ அங்கே சன்னலைத் திறந்து, “என்னக்கா, உங்க பக்கம் சத்தமே இல்ல?” என்று கூவினார்கள்.

செக்கிங் அக்கா எழுந்துபோய், முழங்கையைச் சன்னலில் ஊன்றி, ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினார்.

சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஓர் இயந்திரம் நின்றது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சற்றுப் பொறுத்து, இன்னொன்றும் நின்றது.